மண்ணுக்கேற்ற கால்

மன்னார்த் தீவில் வாழும் ஒருவர் ஒரே நாளில் எத்தனை வகையான நிலத்தில் நடக்கின்றார் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு உண்டாகும். பேசாலைக் கரையிலே கரைவலை இழுக்கும்போது அவர் குதிகாலை மணலில் ஊன்றி, ஓரடி ஓரடியாகப் பின்னோக்கி நகர்கின்றார். வள்ளத்தைத் தள்ளும்போது முழங்கால் வரை உவர்நீரில் நிற்கின்றார். வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையிலே நெருஞ்சி முள்ளும் பனங்கருக்கும் கிடக்கின்றன. உண்ணும்போது தரையிற் சம்மணமிட்டு இருக்கின்றார். திருக்கேதீச்சரத்துக்கோ, மடுமாதா கோயிலுக்கோ, பள்ளிவாசலுக்கோ சென்றால் செருப்பைக் கழற்றி வைக்கின்றார். பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களில் உழைப்பவருக்குச் சேறும் வழுக்கும் வரம்பும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

இத்தகைய நிலத்தில் வாழும் ஒருவர் ஒரு பாதத்தை இழந்துவிட்டால் அவர் மீண்டும் எப்படி நடப்பார் என்பதே இங்கு எழும் கேள்வி.

இவ்விழப்பு நேர்வதற்கு இப்பகுதியில் இரண்டு காரணங்கள் முதன்மையானவை. 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரிலே புதைக்கப்பட்ட மிதிவெடிகள் ஒன்று. மன்னார் மாவட்டத்தின் வயல்களும் காடுகளும் இதற்கு விலக்காகவில்லை. மிதிவெடிகளைத் தடை செய்யும் உலக உடன்படிக்கையில் இலங்கை 2017ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே சேர்ந்துகொண்டது. மற்றைய காரணம் ஓசையின்றி வருவது, அது நீரிழிவு. நீரிழிவு முற்றும்போது பாதத்து நரம்புகள் உணர்ச்சியை இழக்கின்றன. இரத்த ஓட்டமும் குன்றுகின்றது. முள் தைத்தது தெரிவதில்லை. சுடுமணல் சுட்டது தெரிவதில்லை. சிறு புண் ஆழ்ந்து அழுகிய பின்னரே வீட்டார் கவனிக்கின்றனர். அதன் பின் உயிரைக் காப்பதற்காகக் காலைக் குறைக்க வேண்டிய நிலை வந்துவிடுகின்றது.

சத்திரசிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். தேறுதல் என்பதோ பல மாதத்து வேலை. அதிற் பெரும்பகுதி வைத்தியசாலையில் அன்று, வீட்டிலேயே நடைபெறுகின்றது. முழங்காலைக் காப்பாற்ற இயலுமாயின் சத்திரவைத்தியர் அதனைக் காப்பாற்றவே முயல்வார். தம்முடைய முழங்கால் எஞ்சியிருப்பவர் பொய்க்காலுடன் நடப்பதற்குச் செலவிடும் வலு, அதனை இழந்தவர் செலவிடுவதிலும் குறைவு. ஆனால் வைத்தியர் காப்பாற்றிக் கொடுத்த முழங்காலை வீட்டார் அன்பினாலேயே கெடுத்துவிடுவதும் உண்டு. நோவு தணியட்டும் என்று காலின் கீழே தலையணையை வைத்து, முழங்காலை நாட்கணக்காக மடித்தே வைத்திருப்பார்கள். மடிந்த மூட்டு மடிந்தபடியே இறுகிவிடும். இறுகிய மூட்டுக்குப் பொய்க்கால் பொருத்துவது மிகக் கடினம். ஆதலால் படுத்திருக்கும்போதும் இருக்கும்போதும் முழங்காலை நீட்டியே வைத்தல் வேண்டும். காயம் ஆறிவரும்போது, வைத்தியர் அனுமதித்தபடி, நாளுக்குச் சில தடவை குப்புறப் படுத்தால் இடுப்பு மூட்டும் இறுகாது. எஞ்சிய காலின் வீக்கம் வற்றி, அது கூட்டிற் பொருந்தும் வடிவம் பெறுவதற்காக மீள்துணியாற் சுற்றிக் கட்டுவார்கள். அந்தக் கட்டுமுறையைத் தாதியரிடமோ இயன்மருத்துவரிடமோ வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு துன்பமும் உண்டு. இல்லாத பாதத்திலே எரிவும் குத்தும் தோன்றும். இல்லாத விரல்கள் முறுக்கிக்கொள்வது போலிருக்கும். இதனைப் பித்து என்றோ பேய்க்கோளாறு என்றோ எண்ணலாகாது. பாதம் போன பின்னும் அதற்குரிய இடம் மூளையில் இருந்துகொண்டேயிருக்கின்றது. தமிழ்நாட்டிற் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களிலே, இழந்த உறுப்பிருந்த இடத்தில் எஞ்சிய உறுப்பின் நிழலுருவைக் கண்ணாடியிற் காட்டி இந்நோவைத் தணிக்கும் முறையை வகுத்தார். சிலருக்கு அது பயன் தருகின்றது. வேறு சிலருக்கு மருந்து தேவைப்படுகின்றது. நோவை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்வதே முதற்படி.

இனிப் பொய்க்காலைப் பற்றிப் பார்ப்போம். மேலைநாடுகளிலே 1950களில் பரவிய செயற்கைப் பாதம் கணுக்கால் அசையாதது. குதியிலே மட்டும் மெத்தென்ற இறப்பர் வைத்தது. அது சப்பாத்துக்குள் இருப்பதற்காகவே செய்யப்பட்டது. சப்பாத்து அணிந்து, நாற்காலியில் இருந்து, சமதரையில் நடப்பவருக்கு அது போதுமானது. வெறுங்காலுடன் வயலில் இறங்குபவருக்கோ தரையிற் குந்துபவருக்கோ அது பயன்படவில்லை. பொருத்திக் கொடுத்த காலை வீட்டு மூலையிற் சாத்திவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பியவர் பலர்.

இக்குறையை இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரத்திலே இருவர் ஆராய்ந்தனர். ஒருவர் சவாய் மான்சிங் வைத்தியசாலையின் எலும்பு வைத்திய நிபுணர் பி. கே. சேத்தி, மற்றவர் இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞர். 1960களின் பிற்பகுதியிலே இருவருடைய முயற்சியாலும் ஒரு புதிய பாதம் உருவாயிற்று. உள்ளே மென்மையான நுண்துளை இறப்பரும் மரத்துண்டும். வெளியே அச்சிலிட்டு வெப்பத்தாற் பதப்படுத்திய, தோலின் நிறமுடைய இறப்பர். அதற்கு விரல்களும் உண்டு. அது மேல்நோக்கி வளைவதாற் குந்தலாம், பக்கவாட்டில் நெகிழ்வதால் மேடுபள்ளத்தில் நடக்கலாம், நீரில் நனைந்தாலும் கெடாது, சப்பாத்தும் வேண்டியதில்லை. இப்பணிக்காகச் சேத்திக்கு 1981ஆம் ஆண்டு மக்சேசே விருது வழங்கப்பெற்றது.

ஜெய்ப்பூர் உழவருக்குப் பொருந்திய இப்பாதம் ஈழத்து வடபகுதிக்கும் பொருந்திற்று. போர்க்காலத்திலே, 1987ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர்க் கால் நிலையம் தொடங்கப்பெற்றது. மன்னாரிலிருந்து அங்கு செல்வது நெடுங்காலம் எளிதாக இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டிற் போரினாற் சிதைந்த மன்னார்ப் பாலத்துக்கு ஈடாகப் புதிய பாலம் 2010ஆம் ஆண்டிலும், பூநகரி வழியாகக் குடாநாட்டை இணைக்கும் சங்குப்பிட்டிப் பாலம் 2011ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. இந்தப் பயணம் ஒருமுறையோடு முடிவதில்லை. எஞ்சிய கால் மாதங்கள் செல்லச் செல்ல மெலியும், கூடு தளரும், தளர்ந்த கூடு உரசிப் புண்ணாக்கும். பாதமும் சில ஆண்டுகளில் தேயும். ஆகவே கூட்டைத் திருத்துவதும் பாதத்தை மாற்றுவதும் தேறுதலின் பகுதிகளே. கடற்கரையில் வாழ்பவர் ஒன்றை மறத்தலாகாது: இறப்பருக்கு உவர்நீர் தீங்கன்று, ஆனால் கூட்டுக்குள்ளே சிக்கும் மணலும் வியர்வையும் தோலுக்குத் தீங்கானவை. நாள்தோறும் இரவிலே காலைக் கழற்றி, எஞ்சிய பகுதியைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சிவப்போ கொப்புளமோ உண்டா என்று கைக்கண்ணாடியாற் பார்த்தல் வேண்டும்.

எல்லோரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. அதுவே எஞ்சியிருக்கும் நல்ல கால். பொய்க்கால் அணிபவர் தம்மை அறியாமலே உடற்பாரத்தை நல்ல காலிற் சாய்க்கின்றார். ஆண்டுகள் கழியும்போது அந்த முழங்காலிலே குருத்தெலும்பு தேய்ந்து மூட்டுநோவு தொடங்குகின்றது. ஒரு காலை இழந்தவருக்கு மற்றைய முழங்கால் முழு வாழ்வையும் தாங்கும் தூண். அதனை நோவு வருமுன்னரே காத்தல் வேண்டும்.

அதற்குரிய வழிகள் செலவற்றவை. முதலாவது, தொடைத் தசையை வலுப்படுத்துதல். படுத்தபடியே முழங்காலை நீட்டி, தொடையை இறுக்கி, காலைச் சிறிது உயர்த்தி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி மெல்ல இறக்க வேண்டும். வலுவுள்ள தசை மூட்டின் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். இரண்டாவது, உடல்நிறை. ஒரு கிலோ நிறை குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகின்றது. மூன்றாவது, கைத்தடி. நோகும் காலின் பக்கத்துக் கையிலேயே தடியைப் பிடிப்பவர் பலர், அது தவறு. எதிர்ப்பக்கத்துக் கையிற் பிடித்து, நோகும் காலும் தடியும் ஒன்றாக முன்செல்லுமாறு நடந்தாற்றான் சுமை குறையும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரமே தடியின் பிடிக்குரிய உயரம். பொய்க்கால் குந்துவதற்கு இடங்கொடுத்தாலும், நல்ல முழங்கால் நோகத் தொடங்கிய பின் குந்துவதைக் குறைத்து உயரமான இருக்கையைப் பயன்படுத்துவதே அறிவுடைமை. நோவுக் குளிசைகளைத் தாமாக வாங்கி நாள்தோறும் விழுங்குவது, சிறப்பாக நீரிழிவு உள்ளவருக்கு, சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூட்டுத் திடீரென வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் எண்ணெய் தடவிக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நீரிழிவினாற் கால் இழந்தவர் மற்றைய பாதத்தையும் அதே கண்ணாடியால் நாள்தோறும் பார்த்தல் வேண்டும். கோயிற் பிராகாரத்துச் சுடுகல்லிலும் கடற்கரை மணலிலும் வெறுங்காலுடன் நிற்றலாகாது. மரபு பெரிதே, எனினும் வெயில் தணிந்த பின் சென்று வணங்குவதும் வணக்கமே.

கால் குறைந்தவரைத் திண்ணையில் இருத்திச் சோறூட்டுவது மட்டும் பரிவாகாது. அவர் தடுமாறி எழும்போது பொறுமையோடு அருகில் நிற்பதும், கூடு தளர்ந்ததென்று அவர் சொன்னால் நிலையத்துக்கு அழைத்துச் செல்வதும், நடக்கத் தொடங்கிய பின் வலை பின்னவோ வரம்பு காக்கவோ அவருக்குரிய வேலையைத் திருப்பிக் கொடுப்பதுமே பரிவாகும். சத்திரவைத்தியரும் கைவினைஞரும் செய்து கொடுத்த காலை நடக்கும் காலாக ஆக்குபவர்கள் வீட்டாரும் ஊராருமே.