பண்ணை நிலத்தைப் பங்கிட்ட பட்டாளத்துக்காரர்

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

பட்டாளத்து அதிகாரி ஆட்சிக்கு வந்தால் ஜனங்களின் முதுகில் ஏறிச் சவாரி செய்வான். பல நாடுகளில் இதைக் கண்டிருக்கிறோம். மத்திய அமெரிக்காவிலுள்ள குவாதமாலாவில் வேறுவிதமான அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹாகோபோ அர்பென்ஸ்.

1931 முதல் அந்நாட்டை ஆண்டவர் ஜெனரல் உபிகோ. நிலமற்ற கூலியாள் வருஷத்தில் 150 நாள் பண்ணையில் உழைத்ததற்குக் கையில் அத்தாட்சி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறை! 1944 ஜூலையில் மக்கள் கிளர்ச்சி உபிகோவை விரட்டியது. அவர் விட்டுச்சென்ற ஆட்சியை அக்டோபர் 20-ல் இளம் அதிகாரிகளும் மாணவர்களும் தொழிலாளரும் சேர்ந்து கவிழ்த்தனர். முன்னின்றவர்களில் ஒருவர் காப்டன் அர்பென்ஸ். பின்னர் அவர் ராணுவ மந்திரியானார். தேர்தலில் வென்று 1951 மார்ச்சில் ஜனாதிபதியானார்.

அன்று நில உடைமையாளரில் நூற்றுக்கு இரண்டு பேர் கையில் நூற்றுக்கு 72 பங்கு நிலம். 1952 ஜூன் 17-ல் அர்பென்ஸ் நிலச் சட்டம் கொண்டுவந்தார். பெரிய பண்ணைகளில் உழாமல் போட்டிருந்த நிலம் சுமார் ஒரு லட்சம் குடும்பங்களுக்குக் கிடைத்தது. தமது சொந்த நிலத்துக்கும் அவர் விலக்குக் கேட்கவில்லை.

மிகப் பெரிய பண்ணைக்காரன் யார்? அமெரிக்காவின் யுனைடெட் புரூட் என்ற வாழைப்பழக் கம்பெனி! அதன் நிலத்தில் பெரும்பகுதி தரிசு. வரி கட்டும்போது கம்பெனி தானே எழுதிக்கொடுத்த மதிப்பின்படி, சுமார் ஆறு லட்சம் டாலர் நஷ்டஈடு தருவதாகச் சர்க்கார் சொன்னது. கம்பெனிக்காக அமெரிக்க சர்க்கார் கேட்டதோ ஒன்றரைக் கோடிக்கு மேல்! வரிக்கு ஒரு கணக்கு, விலைக்கு ஒரு கணக்கு! அமெரிக்க வெளிநாட்டு மந்திரி டல்லஸ் முன்பு வேலை பார்த்த வக்கீல் நிறுவனம் இந்தக் கம்பெனிக்காக வாதாடியது; அவர் தம்பி சி.ஐ.ஏ.யின் தலைவர்.

1954 ஜூனில் சி.ஐ.ஏ. தயாரித்த சில நூறு பேர் கொண்ட கூலிப்படை, கர்னல் காஸ்தில்லோ அர்மாஸ் தலைமையில் ஹொந்துராஸிலிருந்து புகுந்தது. விமானங்கள் குண்டு வீசின. தொழிலாளருக்கும் விவசாயிகளுக்கும் ஆயுதம் கொடுங்கள் என்றார் அர்பென்ஸ். அவரோடு ஒரே பள்ளியில் பயின்ற அதிகாரிகள் மறுத்தனர். ஜூன் 27-ல் அவர் பதவி விலகினார்.

பிறகு நடந்தது என்ன? கொடுத்த நிலம் பறிக்கப்பட்டது. சங்கங்கள் கலைக்கப்பட்டன. எழுத்தறியாதோர் ஓட்டுரிமை இழந்தனர். 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர்; இரண்டு லட்சம் பேர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். நாடுநாடாக அலைந்த அர்பென்ஸ் 1971-ல் மெக்ஸிகோவில் இறந்தார். 2011-ல்தான் குவாதமாலா சர்க்கார் அவர் குடும்பத்திடம் மன்னிப்புக் கோரியது.

தோழர்களே! அர்பென்ஸ் நேர்மையானவர், சட்டமும் நியாயமானது. ஆனால் நிலம் பெற்றவன் கையில் அதைக் காக்கும் பலம் இல்லை. அந்தப் பலம் பட்டாளத்து மேலதிகாரிகளிடம் இருந்தது. மேலிருந்து நல்லவர் ஒருவர் தந்ததைக் கீழிருந்து லட்சம் பேர் ஒன்றாக நின்று காக்க வேண்டும். நம் சங்கம் எதற்கு என்று கேட்பவனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.