வெள்ளையடிக்காத கார்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புலவர் பெருமக்கள் நின்று பேசிய இம்மேடையில், மெட்ரிகுலேஷன் வரை மட்டுமே பயின்று, கரக்பூர் பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நம்மை இவ்வாண்டு நிறுத்தியிருக்கிறீர்கள். பேச எடுத்துக்கொண்ட பொருளோ ஓர் அமெரிக்க மோட்டார் கார். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டி அறியாத நாம் காரைப் பற்றிப் பேசுவது விந்தையே. அதற்குக் காரணம் நம் இளைஞர் குழுவினர்.

அடுத்த ஆண்டு விழாவிற்குள் நம் சங்கத்தைப் பற்றி ஒரு விவரணப் படம் எடுக்க அவர்கள் முனைந்துள்ளனர். அதற்கு முன்னோட்டமாகச் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இந்த மண்டபத்திலேயே திரை கட்டி, "புல்லிட்" என்னும் படத்திலிருந்து கார்த் துரத்தல் காட்சியைப் போட்டுக் காட்டினர். அந்தக் காரின் வரலாற்றையும் எடுத்துரைத்தனர். அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அதன் காரணத்தைச் சொல்லவே இங்கு வந்தோம்.

முதலில் காரைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்காவில் 1960-களில் "மஸில் கார்" என்றொரு வகை பெருகியது. பார்வைக்குச் சாதாரணக் குடும்பக் கார்; உள்ளேயோ தேவைக்கு மிஞ்சிய பெரிய எஞ்சின். வேட்டி கட்டிய மல்லன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வகையில் இரண்டு கார்கள் இப்படத்தில் ஓடுகின்றன. ஒன்று, 1968-ஆம் ஆண்டின் பச்சை நிற போர்டு மஸ்டாங். அதன் எஞ்சினின் கொள்ளளவு 390 கன அங்குலம். மற்றொன்று கறுப்பு நிற டாட்ஜ் சார்ஜர். அதன் எஞ்சின் 440 கன அங்குலம். மஸ்டாங்கைப் போலீஸ் அதிகாரியாக நடித்த ஸ்டீவ் மக்வீன் ஓட்டினார். சார்ஜரை ஓட்டியவர் பில் ஹிக்மன் என்னும் தேர்ந்த சாகச ஓட்டுநர்.

படத்தை இயக்கியவர் பீட்டர் யேட்ஸ் என்ற ஆங்கிலேயர். களம் சான்பிரான்ஸிஸ்கோ நகரம். மேடும் பள்ளமுமான அதன் தெருக்கள். திரையில் அந்தத் துரத்தல் 10 நிமிடம் 53 விநாடி ஓடுகிறது. அதைப் படம் பிடிக்க ஏறத்தாழ மூன்று வாரம் பிடித்தது. கார்கள் மணிக்கு 110 மைல் வரை, அதாவது 175 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடின. மெதுவாக ஓட்டிப் படம் பிடித்துத் திரையில் விரைவாகக் காட்டும் பழைய தந்திரத்தை அவர்கள் நாடவில்லை. காமிராவைக் காருக்குள்ளேயே பொருத்தினர். ஆகவே, பார்க்கிறவர்களுக்கும் வயிறு கலங்குகிறது. துரத்தல் தொடங்கியதும் லாலோ ஷிப்ரின் அமைத்த இசை நின்றுவிடுகிறது. பிறகு எஞ்சினின் உறுமலும் டயரின் கிறீச்சொலியும் மட்டுமே. காட்சிகளை வெட்டிக் கோத்த பிராங்க் கெல்லருக்கு அவ்வாண்டின் சிறந்த படத்தொகுப்பிற்கான ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

படம் தயாரான 1968-ஆம் ஆண்டிலேயே, அதை எடுத்த விதத்தைக் காட்டும் ஒரு சிறு விவரணப் படமும் வெளிவந்தது. மக்வீனுக்கு உண்மையின்பால் உள்ள பற்றுதலே அதன் தலைப்பு. ஆயினும் முழு உண்மையை அறிய வேண்டாமா? மக்வீன் திறமையான ஓட்டுநர்தாம். எனினும் ஆபத்தான பகுதிகளில் அவருக்குப் பதிலாக ஓட்டியவர் பட் ஈகின்ஸ் என்ற சாகசக்காரர். அக்காட்சியைக் கூர்ந்து பார்த்தால் ஒரே பச்சை வோக்ஸ்வேகன் கார் மீண்டும் மீண்டும் வழியில் எதிர்ப்படும். நான்கு சக்கரங்களே உள்ள சார்ஜரிலிருந்து நான்கிற்கும் மேற்பட்ட சக்கர மூடிகள் கழன்று ஓடும். நம் இளைஞர்கள் இவற்றைச் சுட்டிக் காட்டியபோது மண்டபமே சிரித்தது. அதனால் அந்தப் படத்தின் மதிப்புக் குறைந்ததா? இல்லை. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பாதுகாக்க வேண்டிய தேசியத் திரைப்படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. குறை தெரியத் தெரிய, அது மனிதர் கையால் செய்த வேலை என்ற அன்பே பெருகுகிறது.

இனி, நம் உறக்கத்தைக் கெடுத்த செய்திக்கு வருவோம்.

படப்பிடிப்பில் இரண்டு மஸ்டாங் கார்கள் பயன்பட்டன. ஒன்று தாவவும் மோதவும். மற்றொன்று, கதாநாயகர் ஓட்டும் முதன்மைக் கார். படம் முடிந்ததும் முதன்மைக் கார் விற்கப்பட்டுக் கைமாறியது. 1974-ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகை விளம்பரத்தைக் கண்டு, நியூஜெர்ஸி மாநிலத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவர் அதை 6,000 டாலருக்கு வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? கண்காட்சியில் வைத்தாரா? இல்லை. அவருடைய மனைவி பள்ளி ஆசிரியை; அந்த அம்மையார் அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்திற்குப் போய் வந்தார்! உலகம் வியந்த கார், பாடப் புத்தகங்களையும் கறிகாய்ப் பையையும் சுமந்தது. 1977-இல் மக்வீனே கடிதம் எழுதி அந்தக் காரைத் தமக்குத் தரும்படி கேட்டார். அவர்கள் தரவில்லை.

1980-இல் கிளட்ச் பழுதாயிற்று. அதுவரை 65,000 மைல் ஓடியிருந்த கார், வீட்டுக் கொட்டகையில் முடங்கியது. குடும்பம் ஊர்விட்டு ஊர் போனபோதெல்லாம் காரும் கூடவே போயிற்று. தந்தையும் மகனும் சேர்ந்து அதைப் பழுது பார்க்க எண்ணினர்; தந்தையின் நோய் இடம் கொடுக்கவில்லை. 2014-இல் அவர் காலமானார். மகன் அக்காரை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, 2018 ஜனவரியில் டெட்ராயிட் நகர மோட்டார் கண்காட்சியில் உலகிற்குக் காட்டினார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஓடுவதற்கு வேண்டியதை மட்டும் செய்தாரே தவிர, புதுப் பச்சை வர்ணம் பூசவில்லை, நசுங்கல்களை நிமிர்த்தவில்லை. காமிராவைத் தாங்குவதற்காக அடிப்பாகத்தில் பற்றவைத்த இரும்புத் துண்டுகளும், படப்பிடிப்பிற்காகப் போட்ட துளைகளும் அப்படியே இருந்தன. அவையே அது உண்மையான கார் என்பதற்குச் சாட்சிகளாயின. அமெரிக்காவின் தேசியச் சரித்திர வாகனப் பதிவேட்டில் அது இடம் பெற்றது. வாஷிங்டன் மாநகரின் நடுவில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துக் காட்டப்பட்டது. 2020 ஜனவரியில் புளோரிடா மாநிலத்தில் ஏலம் விட்டபோது, கட்டணங்களும் சேர்ந்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. பளபளவென்று புது வர்ணம் பூசியிருந்தால் பச்சை மஸ்டாங்குகள் பலவற்றுள் அதுவும் ஒன்றாகியிருக்கும்.

மற்றக் காரின் கதை இன்னும் சுவையானது. நொறுக்கப்பட்டு அழிந்தது என்று எல்லோரும் நம்பிய அது, மெக்ஸிகோ நாட்டின் பாஹா கலிபோர்னியாவில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்தது. அதை வாங்கியவர்கள் வேறொரு சினிமாவில் வந்த காரின் நகலாக அதை மாற்றப் பார்த்தனர். வேலை முடியுமுன் அதன் வரிசை எண்ணைச் சரிபார்த்ததால் உண்மை வெளிப்பட்டது. இன்னும் சில நாள் கழிந்திருந்தால் ஒரு சரித்திரம் வேறொன்றின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு மறைந்திருக்கும்.

பெரியோர்களே, பார்சல் அலுவலகத்தில் நமக்கு முதலில் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. பெட்டி நசுங்கி வந்தால், நசுங்கி வந்தது என்று அப்படியே பதிவேட்டில் எழுது. நீயாகத் தட்டி நிமிர்த்தாதே. நிமிர்த்தினால் நடந்தது என்னவென்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. இருபது ஆண்டுகளாக அப்பாடத்தை அலுவலகத்தில் வழுவாமல் கடைப்பிடிக்கிறோம். ஆனால் இந்த மண்டபத்தில் அதை மறந்தோம்.

மேடைக்கு இடப்புறமுள்ள அந்தச் சுவரைப் பாருங்கள். இன்று வெள்ளை வெளேரென்று இருக்கிறது. 1974 மே 8 முதல் 27 வரை இரயில்வே வேலைநிறுத்தம் நடந்த இருபது நாள்களில், சம்பளமின்றித் தவித்த காலனிக் குடும்பங்கள் இருப்பதைக் கூட்டிப் பகிர்ந்துகொண்டன. எந்த வீட்டிலிருந்து எவ்வளவு அரிசி வந்தது, எந்த வீட்டிற்கு எவ்வளவு போயிற்று என்னும் கணக்கு, பென்சிலால் அந்தச் சுவரில் எழுதப்பட்டிருந்தது. நாம் அப்போது பிறக்கவில்லை. பிறகு சிறுவனாக இம்மண்டபத்தில் திருக்குறள் ஒப்பிக்க வந்தபோது, தந்தையார் கைப்பிடித்துக் கூட்டிச் சென்று அதைக் காட்டியது நினைவிருக்கிறது. நம் வீட்டின் பெயர் அரிசி வாங்கியவர் வரிசையில் இருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் விழாவிற்காக மண்டபத்திற்கு வெள்ளையடித்தோம். சுவர் அழுக்காக இருக்கிறது என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார், ஒருவரும் மறுக்கவில்லை. கூலிக்கான வவுச்சரில் கையொப்பமிட்ட இருவரில் நாமும் ஒருவர். கையொப்பமிட்டபோது அந்தக் கணக்கு நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். நினைவுக்கு வந்தது. வாங்கியவர் வரிசையில் நம் பெயர் இருந்ததும் நினைவுக்கு வந்தது. பேசாமல் இருந்துவிட்டோம். ஒரு புகைப்படமேனும் எடுத்து வைக்கவில்லை.

அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆசிரியையின் குடும்பம் ஒரு காரின் கீறல்களை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்தது. நாம் நம்மைக் காத்த சுவரின் எழுத்தை ஒரே பகலில் மூடினோம். அன்றிரவு உறங்காமல் கிடந்ததற்குக் காரணம் இதுவே.

ஆதலால் விவரணப் படம் எடுக்கப் புகும் இளைஞர்களுக்கு நம் வேண்டுகோள் இது. விழா மேடையையும் பொன்னாடையையும் மட்டும் படம் பிடிக்காதீர்கள். அந்த வெள்ளைச் சுவரையே முதலில் படம் பிடியுங்கள். அரிசியை அளந்து கொடுத்த தாய்மார் மூவர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். இதோ, முன் வரிசையிலேயே அமர்ந்திருக்கின்றனர். சுவரில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் கணக்கிற்கும் மற்றவர் கணக்கிற்கும் வேற்றுமை வரலாம்; வரட்டும். நான்கு சக்கரக் காரிலிருந்து நான்கிற்கு மேற்பட்ட மூடிகள் கழன்றதைப் போல் அதுவும் இருக்கட்டும், வெட்டி எறியாதீர்கள். சங்கம் இரண்டு பிரிவாகப் பிரிந்து நின்ற ஆண்டுகளும் படத்தில் இடம் பெறட்டும். அடக்கத்தோடு ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்: காலம் தாழ்த்தாதீர்கள். அத்தாய்மாருள் மூத்தவருக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது.

வெள்ளையடித்தவர் யார் என்று படத்தில் ஒருவர் சொல்ல வேண்டுமல்லவா? அதற்கு வேறு ஆளைத் தேட வேண்டாம். வவுச்சரில் கையொப்பமிட்டதையும், அரிசி வாங்கிய வீட்டில் பிறந்ததையும், அந்தச் சுவரின் முன் நின்று காமிராவைப் பார்த்துச் சொல்ல நாம் வருகிறோம். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியனுப்பினால் போதும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.