ஊர்ப்பொறுப்பு ஊராருக்கே



ஊர்நலம் பேசுவோர் மேட்டுப்பாளையத்தை அடுத்துள்ள ஓடந்துறை ஊராட்சியை மறத்தல் இயலாது. 1996ஆம் ஆண்டு ஆர். சண்முகம் அதன் தலைவராகப் பொறுப்பேற்றார். குடிநீர் வசதியும் தெருவிளக்கும் பெருகப் பெருக, மின்கட்டணமும் பெருகியது. அதனைக் குறைக்கச் சூரிய ஒளி விளக்குகள் நிறுவப்பட்டன. மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து நீரேற்றும் முறையும் கையாளப்பட்டது. 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே சொந்தமாக்கிக் கொண்டது.

அதன் விலை ஏறத்தாழ 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, எஞ்சியது வங்கிக்கடன். காற்றாலையோ உடுமலைப் பக்கம் மைவாடியில் சுழல்கிறது. கண்ணுக்கெட்டாத் தொலைவிலுள்ள ஒரு பொறிக்கு ஊர்ப்பணத்தை ஈடாக்க வேண்டுமாயின், கணக்கில் ஐயம் எழலாகாது. ஊர்த்தேவை போக மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. அவ்வருவாய் கடனை அடைக்கத் துணையாயிற்று.

நல்ல தலைவர் வாய்த்ததால் நடந்தது என்று கூறி அமைவோர் உளர். அது பாதி உண்மையே. தலைவர்கள் மாறுவர், ஊரார் நிலைத்திருப்பர். ஊரார் வினவுவதற்கென்றே கிராமசபை உள்ளது. நகரத்தார்க்கும் 2022 முதல் பகுதிசபை வாய்த்துள்ளது. சாக்கடை தூர்ந்ததென்று திண்ணையில் அமர்ந்து நொந்துகொள்வதினும், சபையில் எழுந்து, ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என்று கேட்டல் நன்று. கேட்பார் இல்லாச் சபையில் தீர்மானம் கையெழுத்தோடு முடிந்துவிடும். வீட்டுக்கு ஒருவர் வந்தமர்ந்தால், ஓடந்துறையின் துணிவு பவானிக்கரைத் தெருக்கள்தோறும் வாய்க்கும்.