கிண்ணம் ஆற்றை?



2020ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி இரவு. கொரோனாத் தொற்றினால் மருதனார்மடம் சந்தை மூடிக்கிடந்த நாட்கள். வீட்டுக்குள் அடைபட்டிருந்த எங்களுக்கு, அம்பாந்தோட்டையில் நடந்த லங்கா பிறீமியர் லீக் கிரிக்கெற் இறுதிப்போட்டிதான் துணை. காலி அணியை 53 ஓட்டங்களால் வென்று ஜப்னா ஸ்ராலியன்ஸ் சம்பியனானது. தம்பியின் மகன் முற்றத்தில் நின்று "ஸ்ராலியன்ஸ்! ஸ்ராலியன்ஸ்!" என்று கத்தினான்.

"அதென்னடா பேர்?" என்றார் என் தாயார்.

"குதிரை, அப்பாச்சி."

"யாழ்ப்பாணத்தில ஏதடா குதிரை?"

"நெடுந்தீவில நிக்குதே!"

தாயார் சிரித்துவிட்டார். அன்றிரவே அது எங்கள் வீட்டுப் பெயராகிவிட்டது. பெடியனுக்குக் குதிரைப் படம் போட்ட ரீசேட் ஒன்றும் வாங்கிக் கொடுத்தோம்.

2021இல் அணியின் உரிமை கைமாறியது. ஸ்ராலியன்ஸ் போய், ஜப்னா கிங்ஸ் வந்தது. ரீசேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெடியன் கேட்டான்: "பெரியப்பா, அப்ப அந்தக் கிண்ணம் இப்ப ஆற்றை?"

எனக்கு உடனே மறுமொழி வரவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கண்டி அணி 2020இல் ரஸ்கர்ஸ், 2021இல் வொரியர்ஸ், 2022இல் பல்கன்ஸ். அதற்கும் முன்னர், 2012இல் நடந்த வேறொரு லீக்கில் வடக்கின் அணிக்கு உத்துர ருத்ராஸ் என்று பெயர். உத்துர என்பது வடக்கைக் குறிக்கும் சிங்களச் சொல். ஆக, பத்தாண்டுக்குள் வடக்குக்கு மூன்று பெயர்கள். மூன்றையும் இட்டவர்கள் அணியை நடத்தியவர்கள். எங்களை யாரும் கேட்கவில்லை.

அமெரிக்காவின் புறூக்ளின் நகரில் ஒரு பேஸ்போல் அணி இருந்தது. 1888ஆம் ஆண்டளவில் அதன் வீரர்கள் சிலர் அடுத்தடுத்துக் கலியாணம் முடிக்க, அணிக்கு 'மாப்பிள்ளைகள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னர் தெருவில் டிறாம் வண்டிகள் பெருகின. கொழும்பிலும் ஒருகாலம் ஓடிய வண்டிகள்தான். அவற்றில் அடிபடாமல் விலகி ஓடும் புறூக்ளின் சனங்களைக் கேலியாக 'டொட்ஜர்ஸ்', அதாவது விலகி ஓடுவோர், என்றார்கள். அந்தக் கேலியே அணியின் பெயராயிற்று. 1958இல் அணி லொஸ் ஏஞ்சலிசுக்குக் குடிபெயர்ந்தது. பெயரும் கூடவே போயிற்று. புறூக்ளின் சனங்களோ அணியில்லாமல் நின்றார்கள். தெருவில் பிறந்த பெயருக்கும் கடைசியில் சொந்தக்காரர் வேறு ஆள்தான்.

எங்கள் ஊர்ப் பெயரை எண்ணிப் பார்க்கிறேன். மருதனார்மடம் என்ற பெயரில் ஒரு மடம் இருக்கிறது. அதை எவரும் விற்கவுமில்லை, வாங்கவுமில்லை. பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரைச் சொன்னால் சந்தியில் இறக்கிவிடுகிறார்கள். நாள்தோறும் வாயில் புழங்குவதே அதற்கு உறுதி. அணிக்கு அந்தப் புழக்கம் எப்படி வரும்? 2020 முதல் 2024 வரை ஐந்து முறை நடந்த லீக்கில் ஒரு போட்டியேனும் யாழ்ப்பாண மண்ணில் நடைபெறவில்லை. யாழ் மத்திய கல்லூரி மாணவர் வியாஸ்காந்த் ஸ்ராலியன்ஸிலும் ஆடினார், கிங்ஸிலும் ஆடினார். எங்களுக்கு இரண்டிலும் அவர் 'எங்கட பெடியன்'தான்.

2024 யூலையில் ஜப்னா நான்காவது முறையாகக் கிண்ணத்தை வென்றது. தம்பியின் மகன் தோளில் இறுகிப்போன அதே குதிரை ரீசேட்டுடன் முற்றத்துக்கு ஓடினான். ஸ்ராலியன்ஸ் என்றும் கத்தவில்லை, கிங்ஸ் என்றும் கத்தவில்லை. "ஜப்னா! ஜப்னா!" என்றான்.

உள்ளேயிருந்து தாயாரின் குரல் வந்தது:

"யாழ்ப்பாணம் எண்டு கத்தடா!"