ஹார்ட் டிஸ்க் தயங்கும்போது

நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் காந்தத் தட்டு ஒரு சுற்றை ஏறத்தாழ 8.3 மில்லி விநாடியில் முடித்துவிடுவதால், சிறிய கோப்பொன்றைத் திறக்கவே கணினி பல விநாடிகள் திணறுமானால், தரவு எழுதப்படும் மிகச்சிறு பகுதியான செக்டார் பழுதுபட்டு, படிக்கும் முனை அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்று ஐயுற இடமுண்டு. வைரஸ் மீது பழிபோடுவது எளிது. ஆனால் ஹார்ட் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்னும் பதிவேட்டை முதலில் பார்ப்பதே முறை. அதில் 5ஆம் எண் கைவிடப்பட்டு மாற்றிடம் தரப்பட்ட செக்டார்களையும், 197ஆம் எண் படிக்க இயலாமல் ஐயத்தில் நிற்கும் செக்டார்களையும் காட்ட, 199ஆம் எண் ஏறுவது பெரும்பாலும் கேபிளின் கோளாறாகவே இருப்பதால், கேபிளை மாற்றியதும் சிக்கல் தீர்வதும் உண்டு.

எனினும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்தவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ஸ்மார்ட்டின் முக்கிய எச்சரிக்கைகளில் ஒன்றையும் காட்டாமலே நின்றுபோயிருந்தன. ஆகவே பதிவேடு பழுது என்றால் நம்பலாம், நலம் என்றால் நம்புவதற்கில்லை.

ஐயம் எழுந்ததும் தட்டு முழுவதையும் சோதிக்கும் மென்பொருளை ஓட்டுவது நலிந்த ஹார்ட் டிஸ்க்கை மேலும் வருத்தும் என்பதால், தேவையான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்த பின்னரே சோதனையைத் தொடங்க வேண்டும். 'டக், டக்' என்ற ஒலி கேட்டால் மின்சாரத்தை உடனே நிறுத்திவிட வேண்டும்.