கல்லூரியில் முதல் வாரம்

(இந்த வருடம் கல்லூரிக்குக் கிளம்பும் நம் அடுக்ககப் பிள்ளைகளை வழியனுப்ப, சங்கத்தின் சார்பில் மொட்டை மாடியில் நடந்த கூட்டத்தில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



"பத்து நிமிஷம் பேசினால் போதும் சார்" என்றார் செயலாளர். முப்பத்தேழு வருஷம் பேங்க் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். பேங்க்கில் பத்து நிமிஷம் என்றால் எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1980-ல் பி.காம். சேர்ந்தவன். தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோது அதன் முதல் பேட்ச். அப்பா சுரங்கத்தில் பக்கெட் வீல் மெஷினில் வேலை. டவுன்ஷிப்பில் பிறந்து, டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியத்தில் படித்து, பதினேழு வயசு வரை ஆர்ச் கேட்டைத் தாண்டி ஒரு ராத்திரி கூடத் தனியாகத் தங்காதவன். சேர்ந்த கல்லூரி திருச்சிப் பக்கம். பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவதில் சில விஷயம் அவர்களுக்குப் பெருமையாக இருக்காது.

நெய்வேலிப் பிள்ளைகளுக்கு என்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. இங்கே நமக்கு முகவரி என்றால் வட்டம் நம்பர், வீட்டு நம்பர். யாராவது "யார் வீட்டுப் பையன்" என்று கேட்டால், அப்பா சுரங்கமா, தெர்மலா, ஆஸ்பத்திரியா என்று சொன்னால் போதும். பக்கத்து வீட்டில் மலையாளி, எதிர் வீட்டில் தெலுங்குக்காரர், பின்னால் திருநெல்வேலிக்காரர். எல்லோரும் ஒரே ஷிப்ட் பஸ்ஸில் ஏறுகிறவர்கள். 1956-ல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த ஜனங்களின் ஊர் இது. ஹாஸ்டலில் முதல் நாள் ராத்திரி ஒரு சீனியர் "எந்த ஊரு" என்றார். "நெய்வேலி, 19-வது வட்டம்" என்றேன். அறையே சிரித்தது. "அது ஊரா? சொந்த ஊரு எது?" என்றார். விருத்தாசலம் பக்கம் தாத்தா கிராமத்தின் பெயரைச் சொன்னேன். அவருக்கு வேண்டியது ஊர் இல்லை, அடுத்த கேள்வி என்பது அப்புறம்தான் புரிந்தது. அந்தக் கேள்வி என்ன என்று பெரியவர்களுக்குத் தெரியும். பதினேழு வயசில் அதை முதல் முறையாக நேருக்கு நேர் கேட்கிறேன்.

தம்பி, தங்கை, அந்தக் கேள்வி இன்றைக்கும் வேறு வேறு வேஷத்தில் வரும். "உன் கம்யூனிட்டி கோட்டா என்ன", "கட்-ஆஃப் எவ்வளவு" என்று வரும். பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "ஆபீஸில் கொடுத்திருக்கேன், உங்களுக்கு எதுக்கு அண்ணே" என்று சிரித்தபடி சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் காகிதம். பேங்க் ஆள் வேறு எதில் ஆரம்பிப்பேன்?

மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்று, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனிலும் அப்பா அம்மா போனிலும் வையுங்கள். ஐந்து செட் ஜெராக்ஸ், பத்துப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. ஏதாவது ஒரு தாளை ஆபீஸில் கொடுத்தால், அதற்கு ஒரு ரசீது, குறைந்தபட்சம் சீல் போட்ட ஒரு ஜெராக்ஸ் கையில் இருக்கட்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். ரசீது கேட்கிறவனை எந்தக் குமாஸ்தாவும் தப்பாக நினைக்க மாட்டான், நானே சாட்சி.

அதே அறிவிப்பில் பணம் திருப்பித் தருவதற்கும் கணக்கு இருக்கிறது. சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகுவதாக எழுதிக் கொடுத்தால் கிட்டத்தட்ட முழுத் தொகை, கடைசி நாள் கழிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றுமில்லை, நடுவில் படிப்படியாகக் குறையும். பிறகு வந்த வருடங்களில் இன்னும் தளர்த்தியும் அறிவித்திருக்கிறார்கள். இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ விதி தனி. வேறு கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த வருடத்துத் தேதியை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அக்கவுண்ட். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கே வருகிறது. நான் பலமுறை பார்த்த சிக்கல் ஒன்று. கல்லூரி ஊரில் புதிதாக ஒரு அக்கவுண்ட் திறக்கும்போது, ஆதார் இணைக்கும் கட்டத்தில் யோசிக்காமல் டிக் போட்டுவிடுவார்கள். ஆதாரை வைத்து அனுப்பும் அரசுப் பணம், கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். இங்கே அம்மா பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு "பணம் வரலையே" என்று அலைவார். பணம் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். எந்தக் கணக்கு என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கல்விக் கடன் வாங்குகிற வீட்டுக்கு ஒரே வாக்கியம்: படிக்கும் வரையிலும் அதற்கப்புறம் ஒரு வருஷமும் தவணைதான் நிற்கும், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வட்டியை மட்டுமாவது அவ்வப்போது கட்ட முடிந்தால் கட்டுங்கள்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

முதல் வாரத்தில் ஒரு அண்ணன் வருவார். நன்றாகப் பேசுவார், டீ வாங்கிக் கொடுப்பார். "தம்பி, என் அக்கவுண்டில் லிமிட் முடிஞ்சுபோச்சு, உன் அக்கவுண்டில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, உனக்கு இரண்டாயிரம்" என்பார். இல்லையென்றால் உன் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் மாத வாடகைக்குக் கேட்பார். ஆன்லைன் மோசடியில் எங்கோ ஒரு கிழவரிடம் பிடுங்கிய பணம் அது. போலீஸ் பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வந்தால் முதலில் கிடைப்பது அக்கவுண்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான். நான் ரிட்டயர் ஆகும் முன் எங்கள் கிளைக்கே இப்படி ஒரு பையனைத் தேடி வந்தார்கள். இரண்டாம் வருஷம் படிக்கிறவன். அவன் அப்பா என் கவுண்டருக்கு முன்னால் நின்று, "சார், இது வெறும் அக்கவுண்ட்தானே சார், அவன் திருடலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அக்கவுண்ட், கார்டு, சிம், ஓடிபி, எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். தெரியாத பணம் உள்ளே வந்தால் தொடாமல் பேங்க்கில் எழுதிக் கொடுங்கள். நீங்களே ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

இனி வகுப்பறை. எனக்கு முதல் நாள் அக்கவுண்டன்சி கிளாஸில் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆசிரியர் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போகிறார், பக்கத்திலிருந்தவன் சர்ரென்று எழுதுகிறான். நான் காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினேன். "டெபிட் தி ரிசீவர், கிரெடிட் தி கிவர்." ராத்திரி டிக்‌ஷனரி பார்த்து அர்த்தம் போட்டேன். மூன்று மாதம் என் நோட்டெல்லாம் அப்படித்தான். பக்கத்தில் சர்ரென்று எழுதியவன் பிறகு என்னிடமே நோட்டு கேட்டான், அவன் எழுத்தை அவனாலேயே படிக்க முடியவில்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுப் போகிற பிள்ளைகளே, வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியாது. தலையாட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

ராகிங். "இப்பல்லாம் இல்லை சார்" என்று முன் வரிசையில் ஒரு தம்பி சொன்னார். குறைந்திருக்கிறது, உண்மை. எதனால் குறைந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பஸ் பிடித்தால் வரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் படிக்க வைத்த இடம், இந்த வருடமும் நம் அடுக்ககத்திலிருந்து இரண்டு பேர் போகிறார்கள். அங்கே ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்த பொன் நாவரசு என்ற மாணவர் 1996 நவம்பரில் ஒரு சீனியரால் கொலை செய்யப்பட்டார். அவருடைய அப்பா அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதி என்று தமிழ்நாடே பதறியது. அந்த வாரம் எங்கள் கிளையில் யாரும் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. அதையடுத்துத்தான் 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-ல் உறுதி செய்தது. 2009-ல் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் இறந்த பிறகு யுஜிசி நாடு முழுக்க விதிமுறை கொண்டுவந்தது. நீங்களும் பெற்றோரும் சேர்க்கையின்போது கொடுக்கும் ராகிங் உறுதிமொழிப் பத்திரம் அதிலிருந்து வந்ததுதான். ஏதோ ஒரு பாரம் என்று நினைத்து பிரவுசிங் சென்டர்காரரை விட்டு நிரப்பச் சொல்லாதீர்கள், ஒருமுறை படியுங்கள். 1800-180-5522 என்ற இலவச எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டுப் பாடச் சொன்னால் பாடுங்கள், அதில் ஒன்றும் குறைந்துவிடாது. சட்டையைக் கழற்று, முட்டி போடு, போனைக் கொடு, கதவைச் சாத்து என்றால் அது அறிமுகம் இல்லை. எழுந்து வெளியே வந்துவிடுங்கள். எங்கள் காலத்தில் வெளியே வந்து எங்கே போவது என்று தெரியவில்லை. உங்களுக்கு ஒரு எண் இருக்கிறது.

இதெல்லாம் வெளியிலிருந்து வரும் கஷ்டம். உள்ளிருந்து வருவது வேறு.

ஒரு கல்லூரிக்குப் பக்கத்துக் கிளையில் சில வருஷம் இருந்தேன். ஜூலை மாதம் ஒரு பையன் அக்கவுண்ட் திறந்தான். மறுநாள் பாஸ்புக் என்ட்ரி போட வந்தான். ஒரு என்ட்ரியும் இல்லை. அதற்கு மறுநாளும் வந்தான். நான்காவது நாள் எனக்குக் கோபம், "தம்பி, பணம் போட்டாத்தானே என்ட்ரி வரும்" என்றேன். அவன் பத்து ரூபாய் எடுத்து சலான் எழுதிக் கட்டினான். அப்புறம் தினமும் பத்து ரூபாய். ஒரு வாரம் கழித்து எங்கள் பியூன் அண்ணன்தான் கண்டுபிடித்தார். "சார், அவனுக்கு இங்கே வேலை ஒண்ணும் இல்ல. நீங்க பேர் சொல்லிக் கூப்பிடுறீங்கல்ல, அதுக்கு வர்றான்." அந்த ஊரில் அவனை அவன் பெயரால் கூப்பிடும் ஒரே இடம் எங்கள் கவுண்டர். அவரே அவனைக் கல்லூரிக் கபடி டீமில் இருந்த தன் மச்சான் மகனிடம் அழைத்துக்கொண்டு போனார். ஆகஸ்டில் பத்து ரூபாய் நின்றது.

மெஸ்ஸில் சாப்பாடு போடுகிறவர், லைப்ரரி வாசலில் உட்கார்ந்திருப்பவர், டீக்கடைக்காரர், யாரோ ஒருவருக்கு முதல் வாரத்திலேயே உங்கள் பெயர் தெரிந்திருக்கட்டும். அவர் பெயரும் உங்களுக்குத் தெரியட்டும். ராத்திரியில் தூக்கமே வரவில்லை, மனசு பாரமாகவே இருக்கிறது என்றால் 14416-க்குப் போன் செய்யலாம். அரசாங்கத்தின் டெலி மானஸ், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

பெற்றோரே, உங்களுக்கு ஒன்று. தினம் ஆறு முறை வீடியோ கால் போட்டு "சாப்டியா, அழறியா" என்று கேட்டால், அழாத பிள்ளையும் அழும். ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அழுதேன். ஐந்தாம் நாள் ராத்திரி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, விடியற்காலையில் ஆர்ச் கேட்டில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா கட்டிக்கொண்டு "இனிமே போக வேணாம்டா" என்றார். அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்தார். சட்டையெல்லாம் கரித்தூள். என்னைப் பார்த்து "சாப்டியா" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. குளித்து, இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, மத்தியான பஸ்ஸில் என்னோடு ஏறினார். வழியெல்லாம் பேச்சில்லை. ஹாஸ்டல் வாசலில் இருபது ரூபாயைக் கையில் வைத்து, "வர்ற வெள்ளிக்கிழமை வா. அது வரைக்கும் இரு. அப்பவும் புடிக்கலைன்னா சாமான எடுத்துக்கிட்டு வந்துடலாம்" என்றார்.

அந்த ஒரு வாரம்தான் நான் இருந்தேன். ஒரு வாரம் என்று தெரிந்ததால் இருக்க முடிந்தது. வெள்ளிக்கிழமை அறைத் தோழர்கள் சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். வீட்டில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு இன்லேண்ட் லெட்டர் போட்டேன்.

என் கல்யாணத்துக்கு அப்புறம், பல வருஷம் கழித்து, அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை அப்பா ஷிப்ட்டை இன்னொருவரிடம் மாற்றிக்கொண்டு, சாயங்காலத்திலிருந்து கடைசி பஸ் வரை ஆர்ச் கேட்டில் உட்கார்ந்திருந்தாராம். நான் வரவில்லை என்றதும் வீட்டுக்கு வந்து, "வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரொம்ப நாளுக்கப்புறம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாராம்.

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் வாட்சைக் காட்டுகிறார். சான்றிதழ், கடன், அக்கவுண்ட் சம்பந்தமாக எந்தச் சந்தேகம் என்றாலும் வீட்டுக்கு வாருங்கள், காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை கவுண்டர் திறந்திருக்கும். கீழே டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் தயார் என்கிறார்கள்.