மழை பெய்யும்போது மனம் பதறினால்
(நாவலப்பிட்டியில் மீள்குடியேறும் குடும்பங்களுக்கான உரை)



வீடு திரும்பிவிட்டீர்கள். ஆனாலும் இரவில் தகரத்தில் மழை விழுந்தால் சிலருக்கு நெஞ்சு படபடக்கிறது. மலை மறுபடியும் சரிவதுபோல் இருக்கிறது. இது பைத்தியமோ கோழைத்தனமோ அல்ல. அச்சத்தில் பதிந்த நினைவு பழையதாகாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

இதற்குக் கண் அசைவுச் சிகிச்சை ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் பிரான்சீன் ஷப்பிரோ 1987இல் தொடங்கியது. மனவடுவால் வரும் நோய்க்கு, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதை உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது.

பயிற்சி பெற்றவர் முதலில் மனதை அமைதிப்படுத்தப் பழக்குவார். பிறகு நடந்ததில் ஒரு காட்சியை நினைத்தபடி, இடமும் வலமுமாக அசையும் அவரது விரலைக் கண்களால் தொடர்வீர்கள். இடையில் நிறுத்தி, என்ன தோன்றியது என்று கேட்பார். எல்லாவற்றையும் விபரமாகச் சொல்லத் தேவையில்லை. நினைவு அழியாது, அதன் கொடுமை குறையும்.

வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள். ஒரு மாதம் கடந்தும் தூக்கமின்மையும் பயக்கனவும் நீடித்தால், நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலையில் கேளுங்கள். அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: குறைய வேண்டியது பழைய பயம், எச்சரிக்கை அல்ல. மண்சரிவு அறிவித்தல் வந்தால் உடனே வெளியேறுங்கள்.